சுருட்டுக்கடை முதலாளியின் குளிர்ந்த தண்ணி

கூல் வாட்டர் என்ற பெயரைத் தமிழில் சொன்னால் குளிர்ந்த தண்ணி. மண்பானைத் தண்ணி மாதிரி ஒரு பெயர். ஆனால் 1988 இல் வெளிவந்த அந்த நீலப் போத்தல் சென்ற், ஆண்கள் பூசுகிற வாசனைகளின் சரித்திரத்தை இரண்டாக வெட்டியது. அதற்கு முன், அதற்குப் பின். இப்படிச் சொன்னால் உங்களில் பாதிப்பேர் சிரிப்பீர்கள், தெரியும். இன்றைக்கு அது சுப்பர்மாக்கற்றில் ஷாம்பூவுக்குப் பக்கத்தில் கழிவு விலையில் கிடக்கிற சாமான். எங்கள் சனத்தின் கலியாண மண்டபத்துக்குள் நுழைந்தால் பன்னீர்ச் செம்பைத் தாண்டினதும் அடுத்ததாக மூக்கில் அடிக்கிறது அதுதான். மலிவான, எல்லாரிடமும் இருக்கிற சாமானுக்குச் சரித்திரம் இருக்காது என்று ஒரு நினைப்பு எங்களுக்கு. இதற்கு இருக்கிறது. அதுவும் ஒரு அகதிக் குடும்பத்தில் இருந்து தொடங்குகிற சரித்திரம்.

போத்தலில் எழுதியிருக்கிற டேவிடோஃப் என்பது ஒரு ஆளுடைய பெயர். ஸினோ டேவிடோஃப். 1906 இல், அன்றைக்கு ரஷ்யப் பேரரசுக்குள் கிடந்த உக்ரெயினில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். யூதர்களின் வீடுகளுக்குள் புகுந்து அடித்து, கொளுத்தி, சாமான்களை அள்ளிக்கொண்டு போகிற கலவரங்கள் அங்கே அடுத்தடுத்து நடந்த காலம். (அதைக் கலவரம் என்று எழுதினால் சரியா என்ற கேள்வி எங்களுக்குப் புதிசில்லை.) 1911 இல் குடும்பம் சுவிசுக்கு வந்து சேர்ந்தது. பெடியனுக்கு ஐந்து வயது. தகப்பன் ஜெனீவாவில் ஒரு புகையிலைக் கடை போட்டார். அந்தக் காலத்தில் சுவிசில் ஒளிந்திருந்த லெனின்கூடத் தங்கள் கடைக்கு வந்தவர் என்று ஸினோ பின்னாளில் சொல்லியிருக்கிறார். கடைக்காரர்கள் சொல்லுகிற கதையை நான் எப்போதும் பாதி விலைக்குத்தான் வாங்குவேன், அதனால் லெனினை விட்டுவிடுவோம்.

1924 இல் மகனைத் தென்னமெரிக்கப் பக்கம் அனுப்பினார்கள். ஆர்ஜென்ரீனா, பிரேசில், கடைசியில் கியூபா. புகையிலைத் தோட்டத்திலேயே நின்று தொழில் படித்துவிட்டு 1930 அளவில் திரும்பி வந்தார். கியூபாச் சுருட்டு ஈரப்பதத்தில் வளர்ந்த சாமான். ஐரோப்பாவின் குளிரிலும் ஹீற்றர் சூட்டிலும் காய்ந்து நொருங்கிப் போய்விடும். ஸினோ அதற்கென்று ஈரமும் சூடும் அளவாக வைத்த அறை ஒன்றைக் கடைக்குள் கட்டினார். சுருட்டைத் திராட்சை மது மாதிரி வகை பிரித்து, 1940களில் பிரான்சின் பெரிய மது மாளிகைகளின் பெயர்களையே சுருட்டுகளுக்கும் வைத்து விற்றார். வெட்டின சுருட்டை எப்படிப் பிடிக்கவேண்டும், எப்போது அணைக்கவேண்டும் என்று பணக்காரருக்குப் பாடம் எடுக்கிற ஆளாகிவிட்டார். 1970 இல் வியாபாரத்தை பாசல் நகரத்து மக்ஸ் ஓட்டிங்கர் நிறுவனத்துக்கு விற்றார். அதற்குப் பிறகும் 1994 இல் கண் மூடும்வரை அந்தப் பெயரின் முகம் அவர்தான்.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். இப்படி ஒரு சுருட்டுக்காரரின் பெயரில் சென்ற் வந்தால் யார் மதிப்பார்கள்?

யாழ்ப்பாணத்தாருக்கு இது இலேசாக விளங்கும். எங்கள் ஊரில் புகையிலை நட்டு, கோடா போட்டு, சுருட்டாகச் சுற்றித் தென்னிலங்கைக்கு அனுப்பினார்கள். சிங்களப் பட்டினங்களில் எங்கள் ஆட்கள் வைத்திருந்த கடைகளுக்குச் சுருட்டுக்கடை என்றுதான் பெயர். அந்தக் கடை முதலாளி ஒருவர் ஒருநாள் வந்து, "தம்பி, நான் இனி வெயில் காலத்துக்குப் பூசிற வாசனைத் தைலம் விக்கப்போறன்" என்று சொன்னால் என்ன சொல்லுவோம்? "ஐயா, முதல் உங்கட சேட்டைத் தோய்ச்சுப் போடுங்கோ" என்போம்.

ஐரோப்பாவிலும் நிலைமை பெரிய வித்தியாசமில்லை. சென்ற் என்றால் உடுப்புத் தைக்கிற பெரிய வீடுகளின் பெயரில் வரவேண்டும். ஷனெல், டியோர், இவ் சென் லோறன், கி லாரோஷ். அல்லது கெர்லன் மாதிரித் தலைமுறை தலைமுறையாக வாசனையே தொழிலாகக் கொண்ட வீடாக இருக்கவேண்டும். டேவிடோஃப் பெயரில் 1984 இல் ஒரு சென்ற் வந்தது. 1986 இல் ஸினோ என்ற பெயரில் இன்னொன்று. ஸினோவில் பச்சோலியும் மரமும் கனமாக ஏறியிருக்கும். தோல் கதிரையும் மூடின யன்னலுமாக ஒரு பெரியவரின் அறை மாதிரி. சுருட்டுக்காரரிடம் எதிர்பார்க்கக்கூடியது அதுதானே. அடுத்ததாக அங்கேயிருந்து கடல் காற்று வரும் என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை.

காலமும் அப்படிப்பட்ட காலம்தான். எண்பதுகளில் சென்ற் என்றால் அறைக்குள் ஆள் வருமுன்னம் மணம் வரவேண்டும். பெண்களுக்கு 1981 இல் ஜோர்ஜியோ, 1985 இல் பொய்சன். இரண்டையும் பூசிக்கொண்டு வருபவர்களை அமெரிக்காவில் சில உணவகங்கள் உள்ளே விடமாட்டோம் என்று அறிவித்ததாகச் செய்தியெல்லாம் வந்தது. (றெஸ்ரோரன்றில் வேலை செய்கிறவன் என்ற முறையில் அந்த முதலாளிகள் பக்கம்தான் நான். பக்கத்து மேசையின் சென்ற் மணத்தில் எங்கள் சூப் செத்துப்போவதைத் தினமும் பார்க்கிறேன்.) ஆண்களுக்கு 1981 இல் கூறோஸ். இவ் சென் லோறன் வீட்டுச் சென்ற். வேர்வையும் தேனும் கலந்த மிருக வாடை அதில் உண்டு. இப்போதும் சிலர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளிப்பார்கள்.

அந்தக் கூறோசைச் செய்தவரும் கூல் வாட்டரைச் செய்தவரும் ஒரே ஆள். பியேர் பூர்டோன் என்ற பிரெஞ்சுக்காரர். தகப்பன் டியோரின் வாசனைப் பகுதியில் பெரிய பதவியில் இருந்தவர். மகன் பாரிசில் அரசியல் விஞ்ஞானம் படித்துவிட்டுத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தார். ஆண்களுக்கு மிகப் பாரமான மணத்தைக் கொடுத்தவரே ஏழு வருடம் கழித்து மிக இலேசான மணத்தையும் கொடுத்தார். எப்படிக் கொடுத்தார் என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம். அதற்குக் கொஞ்சம் இரசாயனவியல் வேண்டும். விஞ்ஞான பீடத்தில் பாதியில் விட்டுவந்த படிப்பு இப்படியான நேரத்திலாவது உதவட்டும்.

ஆண்கள் சென்ற் வகைகளில் ஃபூஜேர் என்று ஒன்று உண்டு. பிரெஞ்சில் பன்னம் என்று அர்த்தம். பன்னத்துக்குப் பெரிதாக மணமே கிடையாது, பெயர் வெறும் கற்பனை. 1882 இல் ஊபிகான் என்ற வீட்டுக்காக போல் பார்க்கே செய்த ஃபூஜேர் றோயால் தான் முதலாவது. மேலே லவெண்டர், அடியில் ஓக் மரப்பாசி, நடுவில் கூமரின். வெட்டின புல் காயும்போது வருகிற மணம்தான் கூமரின். அதை 1868 இல் ஆய்வுகூடத்தில் செய்து காட்டியவர் வில்லியம் பேர்க்கின், ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்த அதே பேர்க்கின். சவரம் செய்தபிறகு முகத்தில் பூசுகிற தண்ணீர், சவரச் சவுக்காரம் எல்லாவற்றிலும் நூறு வருடமாக இந்த ஃபூஜேரின் பிள்ளைகள்தான். அப்பாக்களின் மணம்.

இதற்குள் பூர்டோன் அள்ளிப்போட்ட சாமானின் பெயர் டைஹைட்ரோமிர்செனோல். (எங்கள் ஊர்ப் பாடப்புத்தகத்தில் வந்திருந்தால் இருஐதரோ என்று தொடங்கியிருக்கும்.) பைன் மரத்திலிருந்து வருகிற டேர்பன்டைனில் பைனீன் இருக்கிறது. கடதாசித் தொழிற்சாலைகளில் மரத்தை அவிக்கும்போது பக்கவிளைவாகக் கிடைக்கிற டேர்பன்டைன் மலிவு. அந்தப் பைனீனுக்கு ஐதரசனை ஏற்றி, சூடாக்கி உடைத்து, பிறகு தண்ணீரைச் சேர்த்தால் இந்த அற்ககோல் வந்துவிடும். மணந்தால் தேசிக்காய்த் தோலும் லவெண்டரும் குளிர்ந்த தகரமும் ஒன்றாக வந்த மாதிரி இருக்கும். விலையும் மலிவு.

இதன் பெரிய குணம் என்னவென்றால் இலேசில் சாகாது. பூவிலும் பழத்திலும் இருந்து எடுக்கிற பல வாசனைகள் சவுக்காரத்தின் காரத்திலும் பிளீச்சிலும் போட்டவுடனே சிதைந்துவிடும். இது அசையாமல் நிற்கும். அதனால் இதன் இடம் உடுப்புத் தோய்க்கிற தூளும் சவுக்காரமும் துப்பரவு செய்கிற திரவங்களும்தான். வாசனைத் தொழிலிலும் சாதி உண்டு, தெரியுமோ? பாரிசில் போத்தலில் போகிற சென்றைச் செய்கிறவர் கலைஞர். சவுக்காரத்தூளுக்கு மணம் சேர்க்கிறவர் வெறும் தொழிலாளி. ஒரே நிறுவனத்திலேயே இரண்டு கூட்டம், இரண்டு மரியாதை. சவுக்காரப் பக்கத்துச் சாமான் சென்ற் பக்கத்துக்கு வருவதென்றால் பின்கதவால் ஒரு சொட்டு வரலாம். அவ்வளவுதான்.

அந்தக் கதவை முதலில் அகலத் திறந்தது 1982 இல் வந்த டிராக்கார் நுவார். கி லாரோஷ் வீட்டுக்காக பியேர் வார்ஞ்ஞி செய்தது. அதில் இந்தச் சாமான் பத்தில் ஒரு பங்கு என்று தொழில் தெரிந்தவர்கள் சொல்லுவார்கள். கூல் வாட்டரில் ஐந்தில் ஒரு பங்கு!

சமைக்கிறவர்களுக்கு இது விளங்கும். பெருங்காயம் என்பது ஒரு சிட்டிகைச் சாமான். ஒருவன் வந்து அதைக் கரண்டியால் அள்ளிப்போட்டு, அந்தப் பானையும் நன்றாகத்தான் இருக்கிறது என்று எல்லாரையும் சொல்லவைத்தால் அவன் மற்றச் சாமான்களை எப்படிச் சரிக்கட்டினான் என்றுதானே பார்ப்போம். பூர்டோன் சரிக்கட்டினது இப்படி. மேலே புதினாவும் லவெண்டரும். அதற்குக் கீழே தோடம்பூவும் கொஞ்சம் மல்லிகையும், தகரக் குளிரை மெதுவாக்குவதற்கு. அடியில் சந்தனம், அம்பர், கஸ்தூரி. அதோடு கொஞ்சம் புகையிலை! சுருட்டுக் கடை முழுதாக விட்டுப் போகவில்லை, அடியில் எங்கேயோ இருக்கிறது. காலையில் பூசினால் தோய்த்துக் காயப்போட்ட வெள்ளைச் சேட். மத்தியானம் கழிந்து பார்த்தால் தோலோடு ஒட்டின ஒரு இதமான சூடு. வெறும் சவுக்காரமாக இருந்திருந்தால் இரண்டு கோடையோடு மறந்திருப்பார்கள்.

இன்னொரு கதையும் உண்டு. 1985 இல் கிறீட் என்ற வீட்டிலிருந்து கிறீன் ஐரிஷ் ருவீட் என்று ஒன்று வந்தது. மிக விலை கூடினது. அதிலும் பூர்டோனின் கை இருக்கிறது என்பது வாசனை உலகத்தில் பரவலாகச் சொல்லப்படுகிற விசயம். இரண்டையும் இரண்டு கையில் பூசிப் பார்த்தால் அண்ணன் தம்பி என்பது மூக்குக்கே தெரியும். அண்ணன் கம்பளிக் கோட்டுப் போட்டவர், தம்பி கடற்கரைக் களிசானோடு திரிகிறவர். சனம் தம்பியைத்தான் வாங்கினது. அண்ணனுடைய போத்தலுக்குக் கொடுக்கிற காசில் தம்பியைப் பல வருடத்துக்கு வாங்கி வைக்கலாம். அண்ணனைப் புகழ்ந்து தம்பியைக் கேலி செய்கிறவர்களை எனக்கு என்றைக்கும் விளங்கினதில்லை.

கூல் வாட்டருக்குப் பிறகு கதவு உடைந்துவிட்டது. 1994 இல் இஸ்ஸே மியாக்கேயின் ஆண்கள் சென்ற், அதே வருடம் கல்வின் கிளைனின் சீகே வன், 1996 இல் அர்மானியின் அக்குவா டி ஜோ. எல்லாம் தண்ணீர், எல்லாம் கடல், எல்லாம் கோடை. ஒவ்வொன்றும் வேறு வேறு வழியால் வந்தது என்றாலும் ஆம்பிளை என்றால் பாரமாக மணக்கவேண்டும் என்ற சட்டம் அதோடு சரி. லூக்கா டூரின், தானியா சாஞ்செஸ் இருவரும் 2008 இல் எழுதிய வாசனை வழிகாட்டிப் புத்தகம் ஆயிரத்துக்கு மேற்பட்ட சென்றுகளைத் தயவில்லாமல் கிழித்த புத்தகம். அதிலும் கூல் வாட்டருக்கு உயர்ந்த இடம்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. சவுக்காரத்தூளில் இருந்து சென்றுக்கு ஏறின மணம், சென்றின் புகழைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் சவுக்காரத்துக்கே இறங்கினது. ஆண்களுக்கான குளிக்கிற ஜெல், கமக்கட்டுக்கு அடிக்கிற ஸ்பிறே, தரை துடைக்கிற திரவம் எல்லாம் "கடல்" என்றும் "ஸ்போர்ட்" என்றும் பெயர் போட்டுக்கொண்டு அந்த மணத்தோடு வரத்தொடங்கின. இன்றைக்கு ஒரு இளம் பெடியன் கூல் வாட்டரை முதன்முதலாக மணந்துவிட்டு, "அண்ணை, இது குளிக்கிற ஜெல் மணமெல்லோ" என்கிறான். தாத்தாவைப் பார்த்துப் பேரனைப் போல இருக்கிறார் என்கிற கதை.

எங்கள் சனத்துக்கு இந்த மணம் இவ்வளவு ஒட்டினதற்கு விளம்பரத்தில் கடலுக்குள் இருந்து எழும்பி வந்த வெள்ளைக்காரன் காரணமில்லை என்பது என் எண்ணம்.

83க்குப் பிறகு சுவிசுக்கு வந்த எங்கள் ஆட்களில் பலருக்கு முதலில் கிடைத்தது றெஸ்ரோரன்ற் குசினி வேலை. கோப்பை கழுவுதல், உருளைக்கிழங்கு உரித்தல், பொரிக்கிற சட்டிக்குப் பக்கத்தில் நிற்றல். பொரித்த எண்ணெய் மணம் தலைமயிரில் பிடித்தால் ஒரு குளிப்பில் போகாது. வேலை முடிந்து இரவு ட்ராமில் ஏறினால் பக்கத்து ஆள் எழும்பி மற்றப் பக்கம் போய் இருப்பார். எனக்கும் நடந்திருக்கிறது. அவர் எழும்பினது எண்ணெய்க்கா, நிறத்துக்கா என்று யோசித்துக்கொண்டே நான்கு தரிப்பிடம் போகும். எனக்கு முன்னம் வந்த அண்ணைமாரின் உடுப்புப் பெட்டிக்குள் ஒரு நீலப் போத்தல் இருக்கும். தமிழன், போர்த்துக்கீசன், அல்பேனியன் என்று வித்தியாசமில்லாமல் எல்லாரும் அடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வெளிக்கிடுவார்கள். சுத்தமாகத் தெரியவேண்டும் என்பதுதான் அங்கே கணக்கு, ஸ்ரைல் அதற்குப் பிறகு.

ஊர்ப் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. 1990இல் இருந்து பொருளாதாரத் தடைக்குள் கிடந்த யாழ்ப்பாணத்தில் சவுக்காரம் ஒரு ஆடம்பரச் சாமான். என் வயதுக்காரருக்கு ஞாபகம் இருக்கும், பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியில் உடுப்புத் தோய்த்தது. ஊத்தை போகும், ஆனால் பனங்களி மணம் உடுப்பில் நிற்கும். அந்த மணத்தோடு மாட்டுக்குப் பக்கத்தால் போனால் மாடு சேட்டை நக்கும். பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் அதே மணம் என்றபடியால் வெட்கம் இல்லை. 2002 இல் சமாதானம் வந்து ஏ9 பாதை திறந்தபோது வெளிநாட்டுச் சொந்தங்கள் சூட்கேசோடு வந்து இறங்கினார்கள். அப்போது நான் கம்பஸில். சுவிசில் இருந்து வந்த மாமா ஒருவர் எனக்கு ஒரு கூல் வாட்டர் தந்தார். அம்மா மூடியைத் திறந்து மணந்துவிட்டுச் சொன்னா:

"உது நல்ல சவுக்கார மணம்."

மாமாவுக்கு முகம் விழுந்துவிட்டது. அவ்வளவு காசு கொடுத்து வாங்கினது! ஆனால் அம்மா அதைக் குறையாகச் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடம் சவுக்காரத்தைப் பொத்திப் பொத்திப் பாவித்த ஒரு மனுசிக்கு அதைவிடப் பெரிய புகழ்ச்சி என்ன இருக்கிறது? இரசாயனவியல்படியும் அம்மா சொன்னது சரி. பிறகு படித்துப் பார்த்தபோதுதான் அந்த மூக்கு எவ்வளவு நுட்பமாக வேலை செய்திருக்கிறது என்று எனக்கு விளங்கினது. பாரிசில் இருந்து வாசனை விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதினதை அவ நான்கு சொல்லில் முடித்துவிட்டா.

ஜெனீவாவையும் இந்த இடத்தில் சொல்லவேண்டும். உலகத்தின் சென்ற் மூலப்பொருள் தொழிலின் பெரிய தலைநகரம் அதுதான். ஃபிர்மெனிச், ஜிவோடான் இரண்டும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கின நிறுவனங்கள். அந்த ஆய்வுகூடங்கள் இருந்த ஊரில்தான் டேவிடோஃப் சுருட்டு விற்றுக்கொண்டிருந்தார். 1989 இல், கூல் வாட்டர் வெளிவந்து அடுத்த வருடம், அந்த நிறுவனத்துக்கும் கியூபாவுக்கும் சுருட்டின் தரத்தில் சண்டை முற்றி ஒரு லட்சத்து முப்பதாயிரம் சுருட்டுகளை எரித்தார்கள். அதன்பிறகு டேவிடோஃப் சுருட்டு கியூபாவை விட்டு டொமினிக்கன் குடியரசுக்குப் போய்விட்டது. ஸினோ வாழ்நாள் முழுக்கக் காத்த கியூபா உறவு முடிந்தது. நீலப் போத்தல் மட்டும் உலகமெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பெடியளிடம் டேவிடோஃப் என்றால் என்ன என்று கேட்டால் சென்ற் என்பான், மிஞ்சினால் சிகரெட் என்பான். சுருட்டு என்று ஒருவனும் சொல்லமாட்டான்.

இப்போது கிடைக்கிற போத்தல் பழையது மாதிரி இல்லை என்று ஒரு முறைப்பாடு எப்போதும் உண்டு. பழைய சென்றுகள் பலதின் செய்முறையை ஒவ்வாமை விதிகளும் செலவுக் கணக்கும் காலத்துக்குக் காலம் மாற்றியிருக்கின்றன என்பது உண்மைதான். தொண்ணூறுகளின் போத்தலைத் தேடி வாங்கிச் சேர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்த வருத்தம் பெரிதாக இல்லை. அடியில் சந்தனம் கொஞ்சம் மெலிந்திருக்கிறது என்பது என் மூக்குச் சொல்லுகிற அபிப்பிராயம். மேலே அந்தக் குளிர் அப்படியே நிற்கிறது.

பூசுகிறதென்றால் யூலை வெயிலில் பூசுங்கள், இரண்டு அடி போதும். கலியாண மண்டபத்துக்கு வரும் அண்ணைமாருக்கு இதைக் குறிப்பாகச் சொல்லுகிறேன். நான் வேலைக்குப் போகும்போது பூசுவதில்லை. கறி பதமா என்று பார்க்க மூக்குச் சும்மா இருக்கவேண்டும். பதினொரு மணிக்கு அடுப்பைத் துடைத்துவிட்டு, முகம் கழுவி, உடுப்பு மாற்றினபிறகுதான் பெட்டியைத் திறக்கிறது.